பாய் மேல் தப்பில்லை

முதுகு வலிக்கிறது, அதனால்தான் வண்டிக்கு உயரமான ஹேண்டில்பார் போடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். முதுகு வலிக்கவில்லை. ரம்ஜான் சமயத்தில் பெங்களூர் மாஸ்க் ரோடு கூட்டத்துக்குள் ஒருவன் அப்படியொரு வண்டியில் போனான். கைகளைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை.

தூரப் பயணத்துக்கு உயரமான பார் உதவும் என்பது உண்மை. குனிய வேண்டாம், மணிக்கட்டில் பாரம் குறையும். ஆனால் கை தோளுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், முழங்கை லேசாக மடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் விரல் மரத்துப்போகும், எதிர்காற்று நெஞ்சில் அறையும், எடை பின்னால் போய் முன்சக்கரத்தின் பிடி குறையும். நண்பர்களுக்கு இதை நானே விளக்கியிருக்கிறேன். தெரிந்தேதான் ஜே.சி. ரோடு கடையில் இருந்ததிலேயே உயரமானதை எடுத்தேன். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். அதுவும் தெரியும். யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பிரேசர் டவுன் மெக்கானிக் பாய் பாரை மாட்டினார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடது பக்கம் முழுசாக ஒடித்தார். எஞ்சின் சத்தம் தானாக ஏறியது.

“பாரு தம்பி. பார் உயரமாயிடுச்சு, ஆக்சிலேட்டர் கேபிள் பத்தலை. திருப்பினா இழுக்குது. பிரேக் ஹோஸும் விறைப்பா நிக்குது. ரெண்டும் நீளமானதா வாங்கிட்டு வா. அதுவரைக்கும் பழைய பாரையே போட்டுத் தரேன்.”

அன்று சனிக்கிழமை. மறுநாள் கொல்லிமலைக்குப் போவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலை. பழைய பாரோடு போய் நிற்க மனம் வரவில்லை. “பரவாயில்லை பாய், பார்த்து ஓட்டிக்கறேன்” என்றேன். அவர் சாவியைக் கொடுக்கத் தயங்கினார். நான்தான் கையிலிருந்து வாங்கினேன்.

வழியில் கோல்ஸ் பார்க் பக்கம் அக்கா நின்றிருந்தாள். கையில் பிளவுஸ் லைனிங் துணி. ஏறிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் சந்து முனையில் ஒரு கார் நின்றது. அதைச் சுற்ற ஹேண்டிலை முழுசாக இடது பக்கம் ஒடித்தேன். நான் முறுக்கவில்லை, வண்டி உறுமிப் பாய்ந்தது. பாய் காட்டிய அதே சத்தம். அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. காம்பவுண்டுச் சுவரில் மோதினோம். அக்கா வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை.

அக்கா வீட்டிலேயே தையல் எடுத்துப் பிழைப்பவள். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த துணிகளையெல்லாம் வெட்டாமலே திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு வருஷத்தில் பெரிய வருமானம் அந்த மாதம்தான்.

இதைவிடக் கேவலமானது அடுத்து நான் செய்தது. ஆஸ்பத்திரியில் மாமா எப்படி ஆச்சு என்று கேட்டார். “பாய் சரியா மாட்டலை” என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்திக்கொள்ள வேண்டிய நேரம் இருந்தது. பயத்தில் திருத்தவில்லை. மாமா நேராகப் பட்டறைக்குப் போய், வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைத் திட்டினார். நானும் கூட நின்றேன். பாய் என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதன்பின் எங்கள் சந்தில் யாரும் அவரிடம் வண்டி விடுவதில்லை.

அக்காவிடம் போன வாரம்தான் சொன்னேன். அவள் அழவில்லை. “பாய்கிட்ட சொன்னியா?” என்று மட்டும் கேட்டாள். போய்ச் சொன்னேன். “என்கிட்ட எதுக்குத் தம்பி? எனக்குத்தான் தெரியுமே” என்றார்.

ஆகவே தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சந்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அவர் எச்சரித்தார். நான் கேட்கவில்லை. பிறகு பொய் சொன்னேன்.