கரிசல் பூமியில் கார்பன் இழை

மாசி, முதல் வாரம்

கோவில்பட்டிக்குத் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் பிழைப்பு என்றால், ஹாக்கி பித்து. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும் நாட்களில் செயற்கைப் புல் மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் நெரியும். 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர்தான். மல்பெரி மரத்து மட்டையோடு ஓடிய தலைமுறை இப்போது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய மட்டைகளில் கார்பன் எத்தனை சதவீதம் என்று மேலேயே அச்சிட்டு விற்கிறார்கள். மட்டை 737 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச விதி. அந்த வரம்புக்குள் விறைப்பைக் கூட்டத்தான் கார்பன்.

லேத் பட்டறை அண்ணாச்சியின் அக்கா மகன் தடுப்பாட்டக்காரன். முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் பேடு பிளந்துவிட்டது. "மாமா, கார்பன்லயே ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றான். மட்டையையே செய்துவிடலாமே என்று அண்ணாச்சிக்கு முதலில் ஓர் ஆசை. விசாரித்ததில் அது அடங்கியது. மட்டை உள்ளே பொள்ளலானது. ரெசின் என்ற பசை ஊறிய கார்பன் துணியைப் பலூன் போன்ற பையின் மேல் சுற்றி, இரண்டு பாதியான இரும்பு அச்சுக்குள் பூட்டி, சூடேற்றிக்கொண்டே பைக்குள் காற்றை அடைத்துச் செய்கிறார்கள். வீட்டு மாடியில் ஆகிற காரியமில்லை. ஷின் பேடு வெறும் வளைந்த ஓடு. அதற்கு வேறு வழி இருக்கிறது: காற்றை உள்ளே அடைப்பதற்குப் பதில் உறிஞ்சி எடுத்துவிடுவது. வேக்குவம் இன்ஃப்யூஷன்.

மாசி, சிவராத்திரி கழிந்து

துணி வந்து சேர்ந்தது. கறுப்பு, பளபளப்பு, ட்வில் நெசவு. சதுர மீட்டருக்கு 200 கிராம். ஒவ்வொரு நூலிலும் 3000 இழைகள். ஓர் இழையின் குறுக்களவு 7 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்.

கார்பன் இழைக்குப் பருத்தியோடு ஒரு பழைய உறவு உண்டு. 1879இல் எடிசன் தன் மின்விளக்குக்குள் வைத்து எரித்துப் பார்த்த இழைகளில் ஒன்று, கரியாக்கிய பருத்தி நூல். 1901இலிருந்து பருத்தி ஆராய்ச்சி நடக்கிற, கருங்கண்ணிப் பருத்தி விளைந்த ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இன்றைய இழை பருத்தியிலிருந்து வருவதில்லை. ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிளாஸ்டிக் இழையிலிருந்து வருகிறது. ஜப்பானில் அகியோ ஷிண்டோ 1960 வாக்கில் அந்த வழியைத் திறந்தார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் அதே பத்தாண்டுக்குள் அதை உறுதியாக்கினார்கள். முதலில் 200 முதல் 300 டிகிரியில் இழுத்துப் பிடித்து வாட்டுவது. பிறகு நைட்ரஜன் நிரம்பிய உலையில் 1000 டிகிரிக்கு மேல். எடையில் பாதி ஆவியாகிப் போகும். மிஞ்சுவது கார்பன்.

விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சீமைக்கருவையை அடுக்கி, தழை போட்டு, மண் பூசி, தீ வைத்து ஓட்டைகளை அடைத்துவிடுவார்கள். காற்று புகுந்தால் சாம்பல், புகாவிட்டால் கரி. உலை இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான்.

பங்குனி, கயத்தாறு போய் வந்த நாள்

திருநெல்வேலி சாலையில் பஸ் கயத்தாறைத் தொடுவதற்கு முன்பே காற்றாலைகள் தெரிந்துவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றுக்கு இது வாசல். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் ஆரம்பகாலக் காற்றாலைகள் எழுந்தன. தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இன்றும் கயத்தாறில் இருக்கிறது. நீண்ட டிரெய்லரில் இறக்கை ஒன்று போனால், டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து வந்து வால் முடியும் வரை பார்ப்பார்கள்.

அந்த இறக்கைகள்தான் வேக்குவம் இன்ஃப்யூஷனுக்கு இந்த மண்ணில் நிற்கும் சாட்சி. பெரிய இறக்கையின் ஓடு ஒவ்வொன்றும் அச்சில் கண்ணாடி இழைத் துணியை உலர்வாக விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஓரம் அடைத்து, காற்றை உறிஞ்சி, ரெசினைத் தானாக ஓடவிட்டுச் செய்வது. இப்போதைய மிக நீளமான இறக்கைகளில் சிலவற்றின் முதுகெலும்புக்குக் கார்பனும் உண்டு. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் இதே வழியைத் தன் தேவைக்குத் திருத்தி, வெரிட்டி என்று பெயரிட்டு, சரஸ் விமானத்தின் இறகுக்குப் பயன்படுத்தியது.

யோசனை பழையது. மஸ்காட் என்பவர் 1950இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். ரெசின் வேகமாகப் பரவுவதற்கென ஒரு தனி வலையைத் துணியின் மேல் விரிக்கும் உத்திக்கு சீமன் 1990இல் பெற்றார். இன்று வீட்டில் செய்கிறவர்கள் வாங்கும் பச்சை வலை அந்த உத்தியின் பிள்ளை.

காற்றை உறிஞ்சினால் என்ன கிடைக்கிறது என்பதற்கு அண்ணாச்சி தன் குறிப்பேட்டில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். தாளுக்கு அடியில் காற்றே இல்லையென்றால், மேலேயுள்ள வளிமண்டலம் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 950 கிலோ எடையோடு அழுத்தும். 22 சென்டிமீட்டர் நீளம், 14 அகலம் உள்ள ஷின் பேடுக்கு 300 கிலோவுக்கு மேல். இதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வாங்கப் போனால் பட்டறையை விற்க வேண்டும். வளிமண்டலம் வாடகை கேட்பதில்லை.

பங்குனி, உத்திரத்துக்கு முந்தின நாள்

பம்ப் கிடைத்தது எதிர்த்தெரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம். ஏசியில் கேஸ் ஏற்றுமுன் குழாயைக் காலி செய்ய வைத்திருக்கும் அதே வேக்குவம் பம்ப். "அண்ணாச்சி, இதுக்குள்ள பசை கிசை போச்சுன்னா முடிஞ்சுது" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதற்காகத்தான் நடுவில் ஒரு கெட்டியான சட்டி: அதிகப்படி ரெசின் அதில் விழுந்துவிடும், பம்புக்குக் காற்று மட்டும் போகும்.

தூத்துக்குடியில் ஃபைபர் படகு செய்கிற உறவினர் ஒருவர் இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் முறை எளிது. கண்ணாடி இழை ‘மேட்’டைப் போடு, ரெசினைத் தடவு, உருளையை ஓட்டு. கடல் அடிக்கும் அடிக்கு அது போதும், செலவும் குறைவு. ஆனால் அந்த ‘மேட்’ வேலையில் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரெசின். நெய்த கார்பன் துணியில் இன்ஃப்யூஷன் நன்றாக அமைந்தால் விகிதம் தலைகீழாகும்: அறுபது சதவீதத்துக்கு மேல் இழை. ரெசின் இழைகளைப் பிடித்து வைக்கத்தான். பாரம் தாங்குவது இழை. இருந்தாலும் உறவினரின் ஓர் அறிவுரையை அண்ணாச்சி கோடிட்டு வைத்திருக்கிறார். பாலியஸ்டர் ரெசினுக்கான கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கக்கூடாது, வெடிக்கும். தீப்பெட்டி ஊரில் மருந்து எதனோடு எது சேரக்கூடாது என்பதை யாருக்கும் இருமுறை சொல்ல வேண்டியதில்லை.

அச்சுக்குப் பையன் காலில் மாவுக்கட்டு போட்டு எடுத்தார்கள். மாவு காற்றைக் கசியவிடும். அதன் மேல் நேராக வேக்குவம் நிற்காது. அதிலிருந்து கண்ணாடி இழையில் ஓர் அச்சு, உட்புறம் மெருகேற்றி, சுற்றிலும் நாலு விரல்கடை அகலத்துக்கு விளிம்பு விட்டு. சீலன்ட் டேப் ஒட்ட அந்த விளிம்பு வேண்டும். இதைக் குறைத்துச் செய்கிறவர்கள் பிறகு ஒட்டுவதற்கு இடமில்லாமல் திண்டாடுகிறார்கள்.

சித்திரை, விடியலுக்கு முன்

எப்பாக்சி ரெசினுக்குக் கடிகாரம் வெயில். ஹார்டனர் சேர்த்ததும் அது தானே சூடாகும். 10 டிகிரி கூடினால் கெட்டியாகும் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். டப்பாவில் போட்டிருக்கும் அரை மணி என்பது 25 டிகிரிக்கான கணக்கு. கரிசல் காட்டுச் சித்திரைப் பகல் 38, 39 என்று ஏறும். மதியத்தில் கலந்தால் ரெசின் துணியைத் தொடும் முன்பே குவளைக்குள் கொதித்துப் புகைந்துவிடும். அதனால் மெதுவான ஹார்டனர், ஆழமில்லாத அகலத் தட்டு, நாலரை மணிக்கு ஆரம்பம்.

அச்சில் மெழுகு பல தடவை பூசித் துடைத்தாகிவிட்டது. மேலே இரண்டு அடுக்குக் கார்பன், நடுவில் மஞ்சள் அராமிட் இழைத் துணி ஒன்று, காலை ஒட்டி மறுபடி கார்பன். அராமிட் எதற்கு? கார்பன் விறைப்பானது, ஆனால் உடைந்தால் சிலாம்பு சிலாம்பாக, கூர்மையாக உடையும். பந்து பட்டு ஓடு பிளந்தாலும் துண்டுகளை அராமிட் பிடித்து வைக்கும். அதை வெட்ட சாதாரணக் கத்தரிக்கோல் திணறும் என்பது தனிக்கதை.

அடுக்குகளின் மேல் உரித்தெடுக்கும் நைலான் துணி, அதன் மேல் வலை, ஒரு முனையில் ரெசின் நுழைய சுருள் குழாய், மறுமுனையில் உறிஞ்சும் குழாய். எல்லாவற்றுக்கும் மேலே தாள். தாளை இழுத்து ஒட்டக்கூடாது. மடிப்பு விட்டுத் தாராளமாக ஒட்ட வேண்டும். இல்லையென்றால் வளைவின் உள்மூலையில் தாள் பாலம் போலத் தொங்கி, அங்கே ரெசின் குட்டையாகத் தேங்கும்.

பம்ப் ஓடியதும் தாள் சுருங்கித் துணியை இறுக்கியது. அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. குழாயை இறுக்கி, பம்பை நிறுத்தி, கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது. முள் அசைந்தால் கசிவு. மெக்கானிக் காதைத் தாளின் ஓரமாக வைத்து நகர்த்தினார். ஒரு மடிப்பின் அடியில் மெல்லிய சீறல். டேப்பை அழுத்தியதும் அடங்கியது. இந்த முறையில் திறமை என்பது பெரும்பாலும் இந்தக் காதுதான். கார்பனை யாரும் பணம் கொடுத்து வாங்கலாம். கசியாத ஓரத்தைக் கையால்தான் செய்ய வேண்டும். ஊசிமுனைக் கசிவு போதும், வரிசையாகக் குமிழ் வந்து ரெசினோடு துணிக்குள் உட்கார்ந்துவிடும்.

முள் நின்றது. கலந்த ரெசினைத் தனியாக வேக்குவத்தில் வைத்து அதன் குமிழ்களையும் எடுத்தார்கள். குழாயைத் திறந்ததும் வலையில் ரெசின் பாய்ந்தது. அடியில் துணி நனைவது சற்றுப் பின்தங்கியே வரும். அதற்காக வலையை மறுமுனைக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கடைசி இரண்டு விரல் தூரத்தை ரெசின் துணி வழியாகவே தவழ்ந்து கடக்கட்டும்.

பிரான்சின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் வழியாக நீர் இறங்கும் வேகத்தை அளந்து 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். ரெசின் ஓட்டத்துக்கும் அதுதான் கணக்கு. நீளம் இரண்டு மடங்கானால் நிரம்பும் நேரம் நான்கு மடங்கு. சாண் நீள ஷின் பேடு டீ ஆறுவதற்குள் நிறைந்துவிடும். கயத்தாறு இறக்கைக்கு ஒரே முனையிலிருந்து ஊற்றினால் ஜென்மத்துக்கும் நிறையாது. அதனால்தான் அங்கே நீளவாட்டில் பல குழாய்களைப் போட்டு வரிசையாகத் திறக்கிறார்கள்.

ரெசின் குழாயை இறுக்கிப் பூட்டிய பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ரெசின் உறையும் வரை. சூரியன் வந்துவிட்டது.

சித்திரை, மறுநாள்

தாளும் நைலானும் கிழிந்து வரும் சத்தம் பெரிது. அச்சிலிருந்து ஓடு ஒரு தட்டில் கழன்றது. அளந்தால் ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதே தடிமனில் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.8 கிலோ, இது ஒன்றரைக் கிலோவுக்குள்.

விளிம்பை அறுப்பதில் அண்ணாச்சி கறாரானவர். ஈரம் வைத்துத்தான் தேய்ப்பு, முகமூடி, கையுறை. கார்பன் தூசி தோலில் குத்தும். போதாததற்கு மின்சாரம் கடத்தும். லேத்தின் சுவிட்ச் பெட்டிக்குள் படிந்தால் ஷார்ட் ஆகும். வேலை பட்டறைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நடந்தது.

இன்னொரு சூடும் பாக்கி. வீட்டு வெப்பத்தில் உறைந்த எப்பாக்சி, வெயிலில் நிற்கும் பைக் சீட்டின் மேல் கிடந்தால் இளகும். கறுப்பு ஓடு வெயிலை மிச்சம் வைக்காமல் குடிக்கும். அதனால் பிளைவுட் பெட்டிக்குள் பல்புகளும் தெர்மோஸ்டாட்டும் வைத்து, 60 டிகிரியில் ஒரு பகல் முழுக்க வாட்டினார்கள்.

வைகாசி, கோடைப் பயிற்சி முகாம் முடிந்து

அணியில் மற்றவர்களும் கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு வேண்டியது அந்தக் கறுப்புக் கட்டம் போட்ட அழகு. அவர்களுக்குக் கண்ணாடி இழையே போதும், துணியின் விலை அதில் ஒரு சிறு பங்குதான் என்று அண்ணாச்சி சொல்லிப் பார்க்கிறார், எடுபடவில்லை. ஷின் பேடுக்குக் கார்பன் கொஞ்சம் ஆடம்பரம் என்பதே உண்மை. சில கிராம் மிச்சத்தால் தடுப்பாட்டக்காரன் வேகமாக ஓடிவிடப் போவதில்லை.

எடை உண்மையிலேயே வாழ்க்கையை மாற்றிய இடம் ஒன்று உண்டு. ஏவுகணைக்கான கலப்புப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் அதன் லேசைக் கண்டு வியந்து, போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோ உலோகக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதை அப்துல் கலாமுக்குக் காட்டினார். கலாமின் குழு 300 கிராமில் காலிப்பர் செய்து கொடுத்தது. அந்தக் காலிப்பர்களைப் பற்றிக் கலாம் பலமுறை மகிழ்ச்சியோடு பேசியிருக்கிறார். அண்ணாச்சியின் குறிப்பேட்டில் இதை எழுதிவைத்த பக்கத்தின் அடியில், கணுக்காலைத் தாங்கும் பட்டை ஒன்றின் பென்சில் வரைபடம் இருக்கிறது. மருத்துவர் அளவெடுத்துக் கொடுக்காமல் கைவைப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

ஆனி

காற்று பிடித்துவிட்டது. கரிசல் புழுதி மாடியில் எல்லாவற்றின் மேலும் படிகிறது. சீலன்ட் டேப்புக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு மணல் துகள் கிடந்தால் அது ஒரு கசிவு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஈரக்காற்றில் ரெசின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் பூக்கும். வேலைக்கு ஏற்றது மார்கழி, தை. பம்ப் இப்போது மெக்கானிக்கிடம் திரும்பிவிட்டது, ஏசி சீசன் பாக்கி அவருக்கு இன்னும் இருக்கிறது. அச்சு மெழுகு பூசியபடியே பரணில். அடுத்த வேலைக்குப் பருத்திக் காட்டில் மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்றின் உடைந்த கால் வந்து சேர்ந்திருக்கிறது. அது குழாய் வடிவம், ஒருபக்க அச்சுக்கு அடங்காது. அதற்கு ஹாக்கி மட்டைக்காரர்களின் பலூன் முறைதான் சரிப்படும் போலிருக்கிறது.