தேங்காய்த்திட்டில் செம்பருந்து

டி.வி.யில் பருந்து என்றால் வேட்டைக் காட்சிதான். ஸ்லோமோஷனில் நகம், பின்னணியில் முரசு. ஷௌனக் சென்னின் ‘ஆல் தட் பிரீத்ஸ்’ (2022) ஆவணப்படத்தில் அந்த ஆர்ப்பாட்டமே இல்லை. மாஞ்சா நூல் அறுத்துக் கீழே விழும் கரும்பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் டெல்லி சகோதரர்களின் கதை. இறைச்சி தின்னும் பறவை என்று பறவை மருத்துவமனை கைவிரித்ததால் அவர்களே எடுத்துக்கொண்ட வேலை அது! படம் மெதுவாகத்தான் நகரும். எனக்குப் பிடித்தது.

நம்ம புதுச்சேரியில் பருந்து பார்க்க, காலையில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். படகுகள் கரை சேரும்போது வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலுமாகச் செம்பருந்துகள் தாழ வட்டமிடும். கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதே கருடன்தான். கழிவு மீனோடு அறுந்த நைலான் வலையும் தண்ணீரில் மிதப்பதுதான் பயம். காலில் சுற்றினால் அதுவும் மாஞ்சாதான். கருடனோ கவலையின்றி மீனைக் காலால் அள்ளி, பறந்தபடியே தின்கிறது. பின்னால் நாலு காக்கை!