பழைய தரையின் மேல்

டொரொன்டோ மாநகரின் ஸ்கார்பரோப் பகுதியில், இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் வரிசை வரிசையாக எழுந்த சிறு வீடுகளிலே இன்று நம்மவர் பலர் குடியிருக்கின்றனர். அவ்வீடுகளின் குசினியில் கிடக்கும் வினைல் விரிப்பு, முன்னிருந்த யாரோ ஒருவர் போட்டதாய், நிறம் மங்கி, கழுவுதொட்டியின் முன்னே தேய்ந்து, ஆயினும் தரையை விடாமற் பற்றிக்கொண்டிருப்பதைக் காணலாம். அதைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிது போடுவதே சுத்தமான வேலை என்று எண்ணுவோர் அநேகர். நான் அவ்வாறு எண்ணவில்லை.

பிவிசி என்னும் விறைத்த பொருளை வளைந்து கொடுக்கச் செய்யும் உபாயத்தை அமெரிக்க ரசாயன சாஸ்திரி வால்டோ செமன் 1926-ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அதன் பின், ஆளிவிதை எண்ணெயைக் கொண்டு ஃபிரெடெரிக் வால்ட்டன் 1860-களில் ஆக்கிய லினோலியத்தின் ஸ்தானத்தை வினைல் மெல்ல மெல்லக் கைப்பற்றியது. ஆனால் 1980-கள் வரையில் செய்யப்பட்ட விரிப்புகள் பலவற்றின் அடித்தாளிலும், அவற்றை ஒட்டிய கரிய பசையிலும், ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்திருந்தது. அசையாமற் கிடக்கும்வரை அதனால் பெரும் அபாயமில்லை. சுரண்டினாலோ, உப்புத்தாள் கொண்டு தேய்த்தாலோ, கண்ணுக்குப் புலப்படாத நார்கள் காற்றிற் பரவிச் சுவாசப்பைக்குட் புகுந்து, பல ஆண்டுகள் கழித்துக் கொடிய வியாதிகளாக வெளிப்படும். கனடா இப்பொருளைத் தடைசெய்ததே 2018-ல்தான். ஆகவே குழந்தைகள் தவழும் வீட்டிலே, சிறு துண்டொன்றைத் தக்கவர் மூலம் எடுப்பித்துப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு தெரியுமுன், பழைய தரையின்மேல் உளியை வைப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதிதை விரித்து மூடிவிடுவது சோம்பலல்ல, ஆனால் சோம்பலாய் மூடுவதும் தகாது. தரை போடும் இளைஞர் ஒருவர் என்னிடம், “ஐயா, புதுசை விரிக்கிறது அரைநாள் வேலை, பழசைப் பாக்கிறதுதான் வேலை” என்றார். எங்கள் ஊரில் மண்தரையைச் சாணமிட்டு மெழுகிய பெண்கள், புது மெழுக்கிடுமுன் பழைய மெழுக்கின் வெடிப்புகளையெல்லாம் அடைத்துக் காயவிட்டதும் இதே ஞானத்தினாலேதான்.

பழையது ஒரே படையாக, மெத்தென்று அமுங்காமல், எங்கும் ஒட்டியிருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் அருகே நீர் கசிந்து உப்பியிருந்தால் முதலில் அதன் காரணத்தைத் தீர்க்க வேண்டும். பின்னர் ஆண்டாண்டாய்ப் பூசிய மெழுகை அதை நீக்கும் திரவம் கொண்டு ஈரத்தோடு துடைத்து நீக்கி, பழைய வினைலில் அச்செடுத்த கோடும் குழியும் நிரம்பும்படி, அதற்கென்றே விற்கப்படும் சாம்பல்நிறச் சாந்தைத் தட்டையான இரும்புக் கரண்டியால் மிக மெல்லியதாக இழுத்துவிடுவர். கரண்டியைச் சாய்த்துப் பிடித்து இழுக்கையில் சாந்து குழியில் மட்டும் தங்கி மேடு வெறுமையாக வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இந்தப் படியைத் தவிர்த்தால், புதிய விரிப்பு எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், சில மாதங்களில் பழைய கோலத்தின் தடம் அதன்மேல் எழுந்து தெரியும். சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் காலைகளில் அதை மறைக்க எதனாலும் முடியாது. பழைய தரை இதற்கும் தகுதியற்றதாகி, கல்நார் இல்லையென்பதும் நிச்சயமானால், 6 மில்லிமீற்றர் பிளைவுட்டை அறைந்து அதன்மேல் விரிப்பதே உசிதம்.

விரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாரிகாலத்தில் வண்டியிலிருந்து இறக்கிய சுருளை உடனே விரித்தால் வெடிக்கும். ஒரு நாளாவது வீட்டுச் சூட்டில் கிடக்க விடவேண்டும். சுவரோரம் மூன்றங்குலம் மிகுதியாக வெட்டிப் பின்னர் நறுக்கிக்கொள்வதும், இணைப்பு வருமிடத்தில் இரு விரிப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே வீச்சில் அறுப்பதும், பசையிட்டபின் கனத்த உருளையை உருட்டுவதும் வழக்கம். உயரத்தை மட்டும் பலர் மறந்துவிடுகின்றனர். பிளைவுட்டும் விரிப்புமாகத் தரை உயர்ந்த பின்னர், மேடையின் கீழுள்ள பாத்திரம் கழுவும் யந்திரத்தை வெளியே இழுக்க வழியில்லாமல் திண்டாடும் குடும்பங்கள் உண்டு. ஆதலால் அளந்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் நான் வற்புறுத்துவது ஒன்று. கீழே என்ன இருக்கிறது, பரிசோதனை முடிவு யாது, எந்த ஆண்டில் மூடப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி மின்விசைப் பெட்டியின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டுவதோடு, வீடு கைமாறும் நாளில் அதன் பிரதியொன்றை வாங்குபவரிடமும் கொடுத்தல் வேண்டும். ஏனெனில், புதிய விரிப்பைக் கண்டு கீழேயும் புதிதென்று நம்பி உளியை எடுக்கப்போகிறவர் அவரே.