பரப்பளவுக்கு முந்தைய கேள்விகள்

ஏரி எல்லைகளைத் தரவுத்தளத்தில் ஏற்றி வைத்திருப்பவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "மொத்தம் எத்தனை ஏக்கர்?" போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற இடத்தரவுத் தரவுத்தளத்தில் ஒரே வரியில் கேட்டால் நொடியில் ஓர் எண் வந்துவிடும். அந்த எண்ணை வைத்துத்தான் மனு எழுதுகிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், எந்த வீடு ஏரிக்குள் நிற்கிறது என்று குறிக்கிறார்கள். அதனாலேயே, எண்ணைக் கேட்பதற்கு முன் அந்த உருவத்தையே கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நீ புள்ளியா, கோடா, பாலிகனா? உன் கோஆர்டினேட்டுகள் எந்த முறையில் எழுதப்பட்டவை? எந்தச் செவ்வகத்துக்குள் அடங்குவாய்? உள்ளே ஏதாவது இருக்கிறதா, வெறுமையா? உன்னை நீயே வெட்டிக்கொள்கிறாயா? இவற்றைக் கேட்க மைஎஸ்க்யூஎல், போஸ்ட்ஜிஐஎஸ் இரண்டிலும் ஃபங்ஷன்கள் தயாராக இருக்கின்றன. கேட்பவர்கள்தான் குறைவு.

முதலில் வகை. புள்ளிக்குப் பரிமாணம் 0, கோட்டுக்கு 1, பாலிகனுக்கு 2. வேலூர்ப் பக்கம் பாலாற்றைக் கடந்தவர்களுக்குத் தெரியும், கரைக்கும் கரைக்கும் நடுவே எவ்வளவு அகலமாக மணல் விரிந்து கிடக்கும் என்று. அதையே ஒற்றைக் கோடாக வரைந்து வைத்திருந்தால், தரவுத்தளத்துக்கு அதில் அகலம் என்பதே கிடையாது. பரப்பைக் கேட்டால் போஸ்ட்ஜிஐஎஸ் பிழை காட்டாது. 0 என்று விடை தரும். கணக்குப்படி அது சரி. ஆனால் அந்த 0 ஓர் அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், ஆற்றுக்கு நிலமே இல்லை என்று யாரும் படிக்கலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது எஸ்ஆர்ஐடி. கோஆர்டினேட்டுகள் எந்த அளவை முறையைச் சேர்ந்தவை என்று சொல்லும் அடையாள எண் அது. 4326 என்றால் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84, அலகு டிகிரி. இந்த எண்களை முதலில் தொகுத்தது ஐரோப்பிய பெட்ரோலிய நிறுவனங்களின் நில அளவைக் குழு. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு இடம் தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்கிறது. சென்னையில் 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஏரியை 4326இல் வைத்து, ஜியோமெட்ரி வகையிலேயே பரப்பைக் கேட்டால், ஏறத்தாழ 0.0008 என்று வரும். அது சதுர டிகிரி. அதை ஏக்கராக்கும் நேர் வழி எதுவும் இல்லை. மீட்டரில் அளக்கும் முறைக்கு மாற்றிவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.

மீட்டருக்கு மாற்றும்போது தமிழ்நாட்டுக்கென்றே ஒரு சிக்கல் வருகிறது. மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் மண்டலங்கள் 78 டிகிரி கிழக்கில் பிரிகின்றன. அந்தக் கோடு நம் மாநிலத்தின் ஊடாகவே போகிறது. ஈரோட்டில் காவிரி 43ஆம் மண்டலம், திருச்சியில் 44. ஒரே ஆற்றின் இரண்டு துண்டுகளை அந்த மண்டலங்களுக்கான 32643, 32644 என்ற இரு எண்களில் வைத்து, இடையே உள்ள தூரத்தைக் கேட்டால் போஸ்ட்ஜிஐஎஸ் மறுத்துவிடும். அந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டிலும் எஸ்ஆர்ஐடி 0 என்று விட்டிருந்தால் மறுப்பே வராது. பொருளில்லாத ஒரு தூரம் வரும், தசமப் புள்ளிக்குப் பின் ஏராளமான இலக்கங்களோடு.

எண்ணை ஒட்டுவதும் உருவத்தை மாற்றுவதும் வேறு வேறு வேலைகள். செட்எஸ்ஆர்ஐடி அடையாள எண்ணை மட்டும் மாற்றும். டிரான்ஸ்ஃபார்ம்தான் கோஆர்டினேட்டுகளையே திரும்பக் கணக்கிடும். நில அளவையாளர் லாம்ப்டன் 1802இல் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழியில் வந்தவை நம் பழைய டோப்போ ஷீட்டுகள். அவற்றின் அடிப்படை எவரெஸ்ட் நீள்கோளம். அந்த ஷீட்டுகளிலிருந்து வரைந்தெடுத்த ஏரிக்கரைக்கு வெறுமனே 4326 என்று எண் ஒட்டினால், சென்னையில் அது நூறு மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். கரையோரத் தெருக்களில் நூறு மீட்டர் என்பது எத்தனை குடும்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

சுற்றுச் செவ்வகத்தைத் தரும் என்வலப் மிக மலிவான, மிக நல்ல சோதனை. போஸ்ட்ஜிஐஎஸ் 4326இல் தீர்க்கரேகையை முதலில் எழுதும், மைஎஸ்க்யூஎல் 8.0 அட்சரேகையை முதலில் எதிர்பார்க்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கவனமில்லாமல் கொண்டுபோனால் சென்னை, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் போய் விழும். ஆயிரம் வரிகளைக் கண்ணால் தேட வேண்டாம், மொத்த லேயரின் செவ்வகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தால் போதும். தன்னைத்தானே குறுக்கே வெட்டும் பாலிகனையும் இப்படி எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: எட்டு வடிவத்தில் முறுக்கிக்கொண்டால் ஒரு வளையத்தின் பரப்பு மற்றதிலிருந்து கழிந்துபோகும். அது செல்லுபடியாகும் உருவமா என்று முன்பே கேட்டால் பொய் என்று சொல்லிவிடும்.

கடைசியாக வெறுமை. ஒரு வீட்டு மனைக்கும் ஏரிக்கும் பொதுவான பகுதி எது என்று கேட்கிறோம். இரண்டும் தொடவே இல்லையென்றால் வெற்று ஜியோமெட்ரி வரும். மனையின் எல்லையே பதிவாகாமல் இருந்தால் வருவது 'நல்' (NULL). முதலாவது ஒரு விடை. இரண்டாவது விடையே இல்லை. ஆனால் வீட்டுக்காரர் கைக்கு வரும் தாளில் இரண்டும் காலிக் கட்டமாகவே அச்சாகிவிடுகின்றன. ஒன்றில் 'பார்த்தாயிற்று, ஏரியைத் தொடவில்லை' என்றும் மற்றதில் 'எல்லை இன்னும் பதிவாகவில்லை' என்றும் எழுதித் தரும்படி, இந்த வேலை செய்கிற எல்லோரையும் கேட்டு வருகிறேன். க்வெரியில் அதற்கு ஓரிரு வரிகள்தான் கூடும்.