விண்ணப்பம் போட்டால்தான் நீதியா?

ஜூலை 12

1973-இல் இதே நாளில், நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரையொட்டி இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான ராணுவப் பணிக் கோப்புகள் எரிந்துபோயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அந்தத் தீயில் போயிற்று. நகலும் கிடையாது, மைக்ரோஃபிலிமும் கிடையாது. கட்டடம் அரசின் பொறுப்பில் இருந்தது. கோப்புகளை ஒரே பிரதியாக வைத்திருந்ததும் அரசுதான். ஆனால் கொரியப் போரில் சண்டையிட்டு, அவப்பெயரோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் தன் டிஸ்சார்ஜை, அதாவது படையிலிருந்து விடுவித்த உத்தரவை, திருத்தித் தரச் சொல்லிக் கேட்டால், தவறு நடந்ததென்று காட்டும் சுமை அவர் தலையில்தான் ஏறுகிறது. அன்றைக்கு அதிகாரிகள் செய்தது முறைப்படியே நடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் இத்தகைய கோரிக்கைகளை விசாரிக்கும் ராணுவ வாரியம் மனுவையே பிரிக்கிறது. இந்த ஏற்பாடு தலைகீழானது என்பது என் கட்சி. டிஸ்சார்ஜ்களில் நேர்ந்த பிழைகளை, யாரும் வந்து கேட்பதற்கு முன்பே, அரசு தானாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். அமெரிக்கப் படையிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவர் கையிலும் டிடி 214 என்ற படிவம் தரப்படுகிறது. அதன் 24-ஆம் கட்டத்தில் பணியின் தரம் இருக்கும்; 28-ஆம் கட்டத்தில் ஏன் அனுப்பப்பட்டார் என்ற காரணம் இருக்கும். இந்த இரண்டும் இல்லாத சுருக்கப் பிரதி ஒன்றும் தருகிறார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் முழுப் பிரதியைக் கேட்டுவிட்டால் அந்தச் சுருக்கத்தால் பயனில்லை. பணியின் தரங்களில் மேல்நிலையில் ‘மரியாதையான விடுவிப்பு’, அடுத்து ‘பொது விடுவிப்பு’, மூன்றாவதாக ‘மரியாதைக்குரியதல்லாத விடுவிப்பு’. இந்த மூன்றும் நிர்வாக முடிவுகள். நீதிமன்றம் எதிலும் இல்லை. இவற்றுக்குக் கீழே உள்ள தீயநடத்தை விடுவிப்பும் அவமதிப்பு விடுவிப்பும் மட்டுமே ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக வருபவை. மூத்த வீரர்களுக்கான அரசின் கல்வி உதவி, முதல் தரம் இருந்தால்தான் கிடைக்கும். மூன்றாவது தரத்தில் விழுந்தவர் மருத்துவத்துக்கும் ஊனத் தொகைக்கும் மூத்த வீரர் நலத்துறையிடம் தனியாக மன்றாட வேண்டும். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாத ஒருவர் மீது இவ்வளவும் விழுகிறது.

ஆகஸ்ட் 13

டெக்சஸ் மாநிலத்து பிரவுன்ஸ்வில் ஊரில் 1906 ஆகஸ்ட் 13 நள்ளிரவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மதுக்கடை ஊழியர் ஒருவர் செத்தார். பக்கத்துக் கோட்டையில் தங்கியிருந்த 25-ஆவது காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள்தான் சுட்டார்கள் என்று ஊர் சொன்னது. அவர்கள் பாசறைக்குள் இருந்ததாக அவர்களின் வெள்ளையின அதிகாரிகள் சொன்னார்கள். யார் மீதும் வழக்கு நடக்கவில்லை. உண்மை தெரிந்தும் கூட்டாக வாய்மூடி இருக்கிறார்கள் என்று சொல்லி, அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 167 பேரை மொத்தமாக விலக்கினார். இருபது ஆண்டுக்கு மேல் பணியாற்றி ஓய்வூதியத்தை எட்டிக்கொண்டிருந்தவர்களும் அதில் உண்டு. 1972-இல்தான் ராணுவம் அந்த உத்தரவை மாற்றியது. ஜான் வீவர் 1970-இல் எழுதிய புத்தகமும், நாடாளுமன்ற உறுப்பினர் அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் கொண்டுவந்த மசோதாவும் அதற்குக் காரணம். 25,000 டாலர் இழப்பீடு வாங்க உயிரோடு இருந்தவர் டோர்சி வில்லிஸ் ஒருவர். மற்றவர்களுக்குச் சான்றிதழ் கல்லறைக்குப் பிறகு வந்தது. ஒவ்வொருவராக மனுப் போட்டுக் கிடைத்த நீதி இல்லை இது. மொத்தக் கூட்டத்துக்கும் இழைத்த தவறை மொத்தமாகப் பார்த்ததால் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின் ‘நீல டிஸ்சார்ஜ்’ இன்னும் வெளிப்படையான சாட்சி. நீலத் தாளில் அச்சிட்டதால் அந்தப் பெயர். மரியாதையானதும் இல்லை, அவமதிப்பானதும் இல்லை என்ற இடைநிலை. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை கொடுத்த 48,603 நீல டிஸ்சார்ஜ்களில் 10,806 கறுப்பினத்தவருக்குப் போயின. அதாவது 22.2 சதவீதம், அதே காலத்தில் படையில் அவர்கள் பங்கு 6.5 சதவீதம். தன்பாலின ஈர்ப்பாளர்களைத் துரத்தவும் இதே தாள்தான் பயன்பட்டது. தனித்தனி ஆளின் நடத்தையைப் பார்த்துக் கொடுத்திருந்தால் கணக்கு இப்படிச் சாய வழியே இல்லை. நீலத் தாள் 1947-இல் ஒழிந்தது. ஆனால் அதை ஏற்கெனவே வாங்கியவர்களைத் தேடிப்போய் யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்தை உண்டாக்கிய 1944-ஆம் ஆண்டுச் சட்டம் வாசலைத் திறந்து வைத்துவிட்டு, வருகிறவர் வரட்டும் என்று உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் அதே வாசல்தான்: டிஸ்சார்ஜ் ஆகி 15 ஆண்டுக்குள் வர வேண்டும், தாண்டினால் ஆவணத் திருத்த வாரியம், வேறு படிவம், வேறு கெடு.

செப்டம்பர் 3

எனக்கு எதிராகச் சொல்லக்கூடியதை இன்று எடுத்துக்கொள்கிறேன். பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் 2014-இல் இதே நாளில் ஒரு சுற்றறிக்கை விட்டார். போர் அதிர்ச்சியால் வந்த மனப்பாதிப்பு, அதாவது பி.டி.எஸ்.டி., காரணமாக ஒழுங்கு தவறியவர்களின் மனுவைத் தாராள மனத்தோடு பார்க்கும்படி வாரியங்களுக்குச் சொன்னார். அந்த நோய் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980-இல்; வியட்நாமிலிருந்து குடியும் முகாமை விட்டு ஓட்டமுமாகத் திரும்பிய வீரனுக்கு அன்றைக்கு எந்த மருத்துவரும் அந்தப் பெயரை எழுதித் தந்திருக்க முடியாது. 2017-இல் வந்த இன்னொரு சுற்றறிக்கை, வீரரின் சொந்த வாக்குமூலமே சான்றாக நிற்கலாம் என்றது. இவ்வளவு இறங்கி வந்த பிறகும் விண்ணப்பம் கூடப் போடமாட்டார்களா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நோயின் இயல்பை அது கணக்கில் எடுக்கவில்லை. நடந்ததை நினைக்கவே மறுப்பது அந்த நோயின் அறிகுறி. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறது படிவம். சட்டக் கல்லூரிகளின் இலவச உதவி மையம் கிடைத்தவர் கரையேறுகிறார். அத்தகைய மையம் இல்லாத ஊர்க்காரர் அப்படியே கிடக்கிறார்.

‘அவர்களே கையெழுத்திட்டுத்தானே போனார்கள்’ என்பது அடுத்த வாதம். ராணுவ நீதிமன்றத்துக்குப் பதிலாக மூன்றாம் தர விடுவிப்பை எழுதிக் கேட்டு வாங்கியவர்கள் உண்மையிலேயே பலர். சிறைக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்று கேட்டால் இருபது வயதுப் பையன் எதைச் சொல்வான்? அந்தக் கையெழுத்தை முழு மனச் சம்மதமாகப் படிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. புள்ளிவிவரத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் நடத்தைக் குறைவுக்காக விலக்கப்பட்ட 91,764 பேரில் 57,141 பேருக்கு, அதாவது 62 சதவீதத்தினருக்கு, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் பி.டி.எஸ்.டி., மூளைக்காயம் அல்லது வேறு சில பாதிப்புகள் கண்டறியப்பட்டிருந்தன என்று அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் சொன்னது. ‘வேறு சில’ என்பதில் குடிநோயும் புதிய சூழலுக்கு இசைய முடியாத மனநிலையும் அடக்கம், பி.டி.எஸ்.டி.யும் மூளைக்காயமும் மட்டும் என்றால் 16 சதவீதம்தான். ஆகவே 62 சதவீதமும் அநீதி என்று கூவுவது சரியாகாது. நான் அதில் பார்ப்பது வேறொன்று. அந்த 57,141 பேரில் மூன்றாம் தரம் வாங்கியவர்கள் 13,283. அவர்களின் நோய்க்குறிப்பும் விலக்கல் உத்தரவும் அரசின் கணினிகளிலேயே இருந்தன. இரண்டையும் ஒட்டிப் பார்க்கத் தணிக்கையாளரால் முடிந்தது. பிறகு ராணுவத்தால் ஏன் முடியாது?

செப்டம்பர் 20

முடியும் என்பதற்குச் சான்று உண்டு. தன்பாலின ஈர்ப்பை மறைத்தால்தான் படையில் இருக்கலாம் என்ற விதி 2011-இல் இதே நாளில் நீங்கியது. அந்த விதியால் விலக்கப்பட்டும் மனுவே போடாதவர்களின் கோப்புகளைத் தானாக எடுத்துப் பார்ப்பதாக 2023 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை அறிவித்தது. 851 கோப்புகள் பார்க்கப்பட்டன. 2024 அக்டோபரில் முடிவு வந்தது: 96.8 சதவீதத்தில் திருத்தம். விண்ணப்பம் வரட்டும் என்று இருந்திருந்தால் இத்தனை பேரும் பழைய தாளோடுதான் செத்திருப்பார்கள். அந்த விதிக்கு முந்தைய காலத்தில் துரத்தப்பட்டவர்கள் இந்த ஆய்வுக்குள் வரவில்லை. பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

ஆனால் மொத்தமாகச் செய்த ஒரு முயற்சி கெட்டும் போயிருக்கிறது. அதிபர் கார்ட்டர் 1977-இல் வியட்நாம் காலத்து டிஸ்சார்ஜ்களுக்குத் தனித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். போரில் காயம்பட்டவர், பதக்கம் வாங்கியவர் என்று சில அடையாளங்கள் இருந்தாலே தரம் உயரும் என்று அதில் இருந்தது. நாடாளுமன்றம் கொதித்தது, அதே ஆண்டில் சட்டம் போட்டு, அந்த உயர்வால் மட்டும் சலுகை கிடைத்துவிடாது என்று ஆக்கியது. கடைசிவரை கட்டுப்பாட்டோடு பணியாற்றியவரின் மரியாதையை இது மலினமாக்குகிறது என்ற கோபத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். கார்ட்டர் திட்டம் தரத்தைத் தானாக உயர்த்தியது. 2023-இன் திட்டம் கோப்பைத் தானாகத் திறந்தது, முடிவை ஒவ்வொன்றாக எடுத்தது. 851-இல் சில நிராகரிக்கப்பட்டதே அதற்குச் சாட்சி. நான் கேட்பது இரண்டாவது வகை. வேலைப்பளு என்ற சாக்கும் எடுபடாது: 2021-இல் பலர் சார்பில் சேர்த்து நடந்த ஒரு வழக்கின் சமரசத்தில், இராக், ஆப்கானிஸ்தான் காலத்து வீரர்களின் நிராகரிக்கப்பட்ட மனுக்களில் ஒரு பகுதியைத் தானே மறுபடி பார்க்கத் தரைப்படை ஒப்புக்கொண்டது.

அந்த 13,283 பேரிலிருந்து தொடங்கட்டும். பெயர்கள் அரசிடமே இருக்கின்றன. அதுவரை வீரர்கள் நம்பியிருக்க வேண்டியது விண்ணப்பத்தைத்தான். ஆறு மாதம் கழிந்தால் டிஸ்சார்ஜ் தானாகவே உயர்ந்துவிடும் என்று பாசறைகளில் காலங்காலமாகச் சொல்லப்படுவது பொய்.