கடைசி பெஞ்ச் விசுவாசி

ஹைதராபாத் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தமிழ் ஆராதனைக்குப் போகிற ஆள்தான் நான். ஆனால் போகிற அழகைக் கேளுங்கள். முதல் பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே நுழைவேன். ஃபேனுக்குக் கீழே கடைசி பெஞ்ச். காணிக்கைப் பையில் ஒரு நோட்டு. ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போதே பைக் சாவி கைக்கு வந்துவிடும். யாராவது கேட்டால், "விசுவாசம் உள்ளத்துல இருந்தா போதாதா?" என்று வியாக்கியானம் வேறு! கிரியை இல்லாத விசுவாசத்தைப் பற்றி யாக்கோபு எழுதியதை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்து, சோப்பு டப்பா பரிசு வாங்கியவன் நான் :-)

போன வருஷம் டெங்கு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். சபையிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, ஒரு போன் கூட இல்லை. எனக்குச் சரியான கோபம். ஊரில் என்றால் சாயங்காலமே உபதேசியார் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருப்பார். அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

"ஒருத்தரும் வரலைன்னு சொல்லுதியே, நீ யாரு வீட்டுக்குல போன?" என்றார் அம்மா. "சரி, கோயில்ல உன் பக்கத்துல இருக்கவரு பேரு என்ன?"

ஒரு தாத்தா. பெயர் தெரியாது. யோசித்துப் பார்த்தால், அவரைப் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். கோயிலுக்கு. எங்களுக்கே அரிசி பற்றாத மாதத்திலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. அப்படிக் கொடுத்தவர்கள்தான் 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, இந்தத் தெலுங்குச் சீமைக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். சென்னை ரயில் தோர்ணக்கல்லைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். நம்ம வெள்ளாளன்விளை அசரியா 1912-ல் பேராயராகி அமர்ந்த ஊர் அது. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கை வைத்து, சுவிசேஷம் சொல்வது தங்கள் கடமை என்று உறுதி சொல்ல வைப்பாராம். அவர்களில் அதிகம் பேர் எழுத்தறியாத கூலி ஜனங்கள். நேற்று வந்தவருக்கு அன்றைக்கே வேலை. பரம்பரைக் கிறிஸ்தவனான எனக்கு ஃபேன் காற்று!

அடுத்த ஞாயிறு ஐயரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. மகன் வெளிநாட்டில். ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டு, "கோயில்லேர்ந்து ஒருத்தரும் வரலையே தம்பி" என்றார். நான் அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை.

இப்போது ஞாயிறுதோறும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, ஆட்டோவில் கூட்டிப் போகிறேன். முதல் பாட்டைத் தவறவிட்டால் அவருக்குக் கோபம் வரும், அதனால் மணி அடிக்கும் முன்பே போய்விடுகிறோம். சில வாரம் அலுப்பாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். என் விசுவாசம் கூடியிருக்கிறதா என்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு நான் வராவிட்டால், மூன்றாவது மாடியில் ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருப்பார்.

உங்கள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்கிறவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?