புகைவாயும் கைவழியும்

ராஜ்தூத் 350 என்று சொன்னால் என் மாணவர்களுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. யமஹா ஆர்.டி. 350 என்றால் சிலருடைய கண்கள் விரிகின்றன. இரண்டும் ஒன்றுதான். ஜப்பானில் 1973 முதல் 1975 வரை உருவான அந்த வண்டி, அங்கே வழக்கொழிந்து சில ஆண்டுகள் சென்றபின், 1983 இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் என்ஜின், ஆறு கியர். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே சாலைக்கு வந்த வண்டிகளில் அன்று நம் நாட்டில் அதனோடு ஓடி வெல்லத்தக்கது வேறில்லை. ஆர்.டி. என்பதற்கு ‘ரேபிட் டெத்’ என்று விரிவு சொல்லி அஞ்சியவர்களும் இருந்தார்கள்.

இங்கு வரும்போதே அது பாடபேதங்களோடுதான் வந்தது. மூலத்தின் திறன் 39 குதிரைத்திறன். இந்தியப் பதிப்பில் 30.5. அப்படியும் பெட்ரோலைக் குடிக்கிறது என்று மக்கள் முகம் சுளிக்கவே, 27 குதிரைத்திறனில் மற்றொரு வடிவம் வந்தது. மூலத்தில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். இங்கே செலவைக் கருதி அதை நீக்கி டிரம் பிரேக் வைத்தார்கள். 1985 இல் ஹீரோ ஹோண்டா வந்து மைலேஜ் என்ற சொல்லை எல்லார் வாயிலும் ஏற்றிவிட்டது. அந்தப் பத்தாண்டின் முடிவோடு ராஜ்தூத் 350 இன் காலமும் முடிந்தது. ஏட்டுச்சுவடிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் இந்த வரலாற்றைப் படித்தால் ‘மூலம் எது?’ என்று கேட்காமல் இருக்க இயலாது. நான் கேட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு.

என் சித்தப்பாவிடம் 1985 ஆம் ஆண்டு வண்டி ஒன்று இருந்தது. அவர் பீளமேட்டில் ஒரு வார்ப்படச் சாலையில் பேட்டர்ன் செய்பவராக இருந்தார். உருக்கிய இரும்பை ஊற்றுமுன் மணலில் அச்சுப் பதிப்பதற்கு மரத்தில் ஒரு மாதிரி செய்ய வேண்டும். அந்த மாதிரியைச் செய்வது அவர் வேலை. அரம், உளி, வெர்னியர் ஆகியவற்றோடு வாழ்ந்த கை. பிப்ரவரி மாதங்களில் ரயிலேறிச் சோழவரம் சென்று பந்தயம் பார்த்துவிட்டு வருவார். போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் அங்கே பந்தயங்கள் நடந்தன. பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தளம் அமைந்தது. அவர் ஒருமுறையும் பந்தயத்தில் ஓட்டியவரல்லர். பார்த்துவிட்டு வந்து, ஊரில் தம் வண்டியைப் பிரிப்பார். அவ்வளவுதான்.

1998 இல் சத்தி சாலையில், கோவில்பாளையத்தைத் தாண்டி, கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடியதில் வண்டி விழுந்தது. பின்னால் அமர்ந்திருந்த சித்திக்கு இடது முழங்கை முறிந்தது. அந்தக் கை இன்றளவும் முழுவதும் நீளாது. வண்டி அன்னூர்ப் பக்கத்து வீட்டின் மாட்டுக் கொட்டகைக்குப் போயிற்று. சித்தப்பா 2017 இல் காலமானார். 2022 இல் சித்தி என்னை அழைத்து, “எடுத்துட்டுப் போ கண்ணு. அவரு ஓட்டுனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணிரு. பிரேக்கு மட்டும் நல்லாப் போட்டுரு” என்றார். சித்தி சொன்னது இவ்வளவே. இதற்கு உரை காண்பதில் எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இருபத்து நான்கு ஆண்டுகள் நின்ற என்ஜினை உதைத்து எழுப்ப முயலக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து இரண்டு சிலிண்டர்களிலும் ஊற்றி ஊறவிட வேண்டும். தினமும் கல்லூரியிலிருந்து வந்ததும் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்ப்பேன். பதினோராம் நாள் அது ஒரு விரற்கடை அளவு இறங்கிற்று. என் மனைவி, முனைவர் பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அப்படிக் கூவியதில்லை என்கிறாள்.

சிலிண்டர்களைக் கழற்றியபோது கண்டதைச் சொல்லுமுன் டூ ஸ்ட்ரோக் என்ஜினைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் உள்ளதுபோல் திறந்து மூடும் வால்வுகள் இதன் தலையில் இல்லை. சிலிண்டரின் சுவரிலேயே துளைகள் உண்டு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அத்துளைகளை மூடவும் திறக்கவும் செய்கிறது. எரிந்த புகை வெளியேறுவது ஒரு துளை வழியாக. புதிய கலவை அடியறையிலிருந்து மேலேறுவது பக்கத் துளைகள் வழியாக. துளையின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவே அது திறக்கும் வேளையை முடிவுசெய்கிறது. புகை வெளியேறும் துளையை அரை மில்லிமீட்டர் உயர்த்தினாலும் வண்டியின் குணம் மாறும். மெதுவாகப் போகும்போது இழுவை குறையும், சுற்று ஏறியபின் பாய்ச்சல் கூடும்.

எங்கள் சிலிண்டர்களின் துளைகள் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தன. விளிம்புகள் மோதிரம்போல் வழவழப்பாக இருந்தன. இரண்டு சிலிண்டர்களிலும் அளந்து பார்த்தேன். கண்ணுக்கு வேறுபாடே தெரியவில்லை. கையால் செய்த வேலை அது.

சித்தி கொடுத்த தகரப்பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. பென்சில் எழுத்து. சித்தப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். அந்த நோட்டில் ஓர் ஆங்கிலச் சொல்லும் இல்லை. புகை வெளியேறும் துளையைப் ‘புகைவாய்’ என்கிறார். கலவை ஏறும் பக்கத் துளைகளுக்குக் ‘கைவழி’. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையே ஒருபக்கமாக மட்டும் திறக்கும் மெல்லிய எஃகு இதழ்களுக்கு ‘நாக்கு’. “6-2-88. புகைவாய் அரை மில்லி மேலே. இழுவை கீழே குறைவு, மேலே உண்டு. நாக்கு சரி” என்பது ஒரு பதிவு. கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகளில் நானும் கட்டுரை படித்திருக்கிறேன். ‘புகைவாய்’ போன்ற ஒரு சொல் அந்த மேடைகளில் பிறந்து நான் பார்த்ததில்லை. அங்கே ‘வெளியேற்றத் துளைவழி’ என்று ஏதாவது முடிவாகியிருக்கும். பேட்டர்ன் செய்கிறவர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள்.

பழைய வண்டிகளைத் திரட்டுகிற நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். அரமிட்ட சிலிண்டர்களைக் கண்டதும் அவர் முகம் வாடிற்று. “யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள். கை படாத சிலிண்டர்கள் தேடினால் கிடைக்கும், மாற்றிவிடுங்கள், அப்போதுதான் மதிப்பு” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இடைச்செருகலை நீக்குவதுதானே பதிப்பாசிரியன் கடமை? ஆனால் எது இடைச்செருகல் என்பதை யார் தீர்மானிப்பது? ரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்தில் தம் செவிக்கு உவக்காத பாடல்களையெல்லாம் கம்பனுடையவை அல்ல என்று ஒதுக்கினார். உ.வே.சா.வோ கிடைத்த பாடங்களையெல்லாம் அடிக்குறிப்பில் தந்துவிட்டு வாசகன் கையில் விட்டார். டி.கே.சி.யைப் படிக்கும் இன்பம் தனி. வகுப்பில் நான் ஊன்றி நிற்பது உ.வே.சா.வின் பக்கம். அந்த அரத்தின் தடங்களை என்னால் இடைச்செருகல் என்று தள்ள முடியவில்லை. தேய்த்தெடுத்த இரும்பு திரும்பி வராது, ஒட்டவைக்கவும் இயலாது. சிலிண்டர்களை மாற்றினால் அவர் கையெழுத்து முழுவதும் போய்விடும். அப்படியே வைத்துக்கொண்டேன். போர் போட்டு, அடுத்த அளவு பிஸ்டன் பொருத்தியதோடு சரி.

சித்தப்பாவின் மகன், என் தம்பி, பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனுக்கு வேறு கனவு. தாழ்ந்த ஹாண்டில்பார், அலாய் சக்கரம், முன்னால் டிஸ்க் பிரேக், ஒற்றை இருக்கை. வண்டி அவன் தந்தையுடையது என்பதால் அவன் சொல்லை நான் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆர்.சி. புத்தகம் சித்தப்பா பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் மறைந்தபின் பெயர் மாற்ற 31 ஆம் படிவம் வேண்டும். அதற்கு வாரிசுகளின் ஒப்புதல் வேண்டும். பதினைந்தாண்டு கடந்த வண்டி ஆதலால் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். சட்டம் எங்களிருவருக்கும் நடுவராக வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது. ‘வின்டேஜ்’ என்ற பெயரில் சலுகை பெறலாமா என்றால், 2021 இல் வந்த விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளையே அப்படிக் கொள்கின்றன. எங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி 2035 இல்தான் வரும்.

சித்தப்பா பந்தய வண்டிகளைப் போலப் பின் மட்கார்டைப் பாதியாக அறுத்திருந்தார். அந்தக் கோலத்தில் ஆய்வாளர் முன் நிறுத்த முடியாது. பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது விதி. சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுவதும் அலைந்து முழு மட்கார்டு ஒன்றை வாங்கிவந்தேன். அறுத்த மட்கார்டைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். அது என் அடிக்குறிப்பு.

என்ஜின் வேலையைக் கணபதியில் லேத் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் செய்துதந்தார். கிராங்கின் இரு முனையிலும் இருந்த ஆயில் சீல்கள் கல்லாக இறுகியிருந்தன. டூ ஸ்ட்ரோக்கில் இது சிறிய பழுது அன்று. கலவை முதலில் அடியறைக்குத்தான் வருகிறது. சீல் வழியே வெளிக்காற்று புகுந்தால் பெட்ரோலின் பங்கு குறைந்து, வெப்பம் மிகுந்து, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். வேகத்தில் அப்படி நேர்ந்தால் பின்சக்கரம் நின்றுவிடும். பெரியவர் கிராங்கை அழுத்திப் பிரித்து, புதிய பேரிங் போட்டு, மறுபடி நேராக்கினார். டயல் கேஜின் முள் நூறில் மூன்று மில்லிமீட்டருக்குமேல் ஆடாதவரை அவர் தேநீரைத் தொடவில்லை. பாயிண்ட் திறக்கும் கணத்தைப் பார்க்கச் சிகரெட்டுத் தாளை இடையில் செருகி இழுக்கும் வித்தையையும் அவரே கற்றுக்கொடுத்தார். பிஸ்டன் உச்சிக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது தாள் விடுபட வேண்டும்.

கடைசியாக வந்தது முன் பிரேக். இந்த டிரம்மில் இரண்டு ஷூக்கள். ஒவ்வொன்றையும் திறக்கத் தனித்தனி கேம். வெளியே இரண்டு கேம்களையும் ஓர் இணைப்புத் தண்டு சேர்க்கிறது. தண்டின் நீளம் சரியாக இருந்தால் இரண்டு ஷூவும் ஒரே கணத்தில் டிரம்மைப் பற்றும். நீளம் தவறினால் ஒன்று முன்னே பற்றிவிடும், மற்றொன்று எட்டாது.

திறந்து பார்த்தோம். ஒரு ஷூவின் லைனிங் ரிவெட் தெரியுமளவு தேய்ந்திருந்தது. மற்றொன்றில் லைனிங் ஏறத்தாழப் புதியது. அறுத்த ரம்பத்தின் கோடுகள்கூட அதில் அழியாமல் இருந்தன. பெரியவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “ஒண்ணு வேலை செஞ்சிருக்குதுங்க சார். இன்னொண்ணு சும்மா கூடவே வந்திருக்குது” என்றார்.

ஒரு நாளில் நேர்கிற தேய்மானம் அல்ல அது. ஆண்டுக்கணக்கில் அந்த வண்டி பாதி பிரேக்கோடு ஓடியிருக்கிறது. அன்றிரவு நோட்டை முதலிலிருந்து மறுபடி புரட்டினேன். புகைவாய், கைவழி, நாக்கு, தீப்பொறி, பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் அளவு. பிரேக் என்ற சொல்லும் இல்லை, அதற்கு அவர் இட்ட பெயர் எதுவும் இல்லை. அரை மில்லிமீட்டரைப் பென்சிலால் குறித்துவைத்த மனிதர். இணைப்புத் தண்டைச் சரிசெய்வது ஒரு ஸ்பானரும் பத்து நிமிடமும் கேட்கும் வேலை.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். டிஸ்க் வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்ததை அந்தக் கணத்தில் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். தாயின் முழங்கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவன் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, “அம்மாகிட்டச் சொல்லாதீங்கண்ணா” என்றான்.

சற்றுத் தடித்த லைனிங் ஒட்டி, இரண்டு ஷூக்களையும் தட்டிலேயே பூட்டி லேத்தில் கடைந்து, டிரம்மின் வளைவோடு முழுவதும் படியும்படி செய்தோம். டிரம்மின் உட்புறத்தையும் மெல்லியதாகக் கடைந்தார் பெரியவர். இணைப்புத் தண்டை நானே அளந்து பூட்டினேன். இது டிஸ்க் ஆகாது. நீண்ட இறக்கத்தில் சூடேறினால் தளரும். ஆயினும் இப்போது லிவரை இரண்டு விரலால் அழுத்தினால் முன்புறம் அமிழ்ந்து வண்டி நிற்கிறது.

ஆய்வு முடிந்து பதிவு புதுப்பிக்கப்பட்டபின் அன்னூருக்கு ஓட்டிச் சென்றேன். சத்தம் கேட்டுச் சித்தி வாசலுக்கு வந்தார். நான்காயிரம் சுற்றுவரை சோம்பிக் கிடந்து அதன்மேல் கிழித்துக்கொண்டு எழுகிற அந்த ஒலியை அவர் எத்தனை முறை கேட்டிருப்பார்! டேங்கைத் தொட்டார். புது மட்கார்டைப் பார்த்து, “இது இல்லையே அப்ப” என்றார். வலக்கையால் பிரேக் லிவரை ஒருமுறை அழுத்தி விட்டார்.

“முன்னாடி புடிக்குதா கண்ணு?”

“நல்லாப் புடிக்குதுங்க சித்தி.”

வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் மோர் எடுத்துவந்தார்.

நோட்டில் பதினேழு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவர் எழுதிய முறையிலேயே, தேதியிட்டு, முன் பிரேக்கின் அளவுகளை முதல் வெற்றுப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஷூவுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் ‘ஷூ’ என்றே எழுதினேன். அவரிடம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். வலப்பக்கச் சிலிண்டரின் பிளக் மட்டும் இன்னும் கறுத்தே வருகிறது. கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கிப் பார்க்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்தும் பணி இருக்கிறது. அதற்கடுத்த வாரம் பார்க்கலாம்.